எனாமல் மேசைக் கடிகாரங்களும் செய்கூலியின் மதிப்பும்

ஆவுடையார்கோவிலில் ஆத்மநாதர் ஆலயத்து மண்டபங்களின் கொடுங்கைகளை அண்ணாந்து பார்த்து நிற்கிறவர்களில் எவரேனும் அந்தக் கல்லின் விலை என்னவென்று கேட்டதாக நான் அறியேன். மரச் சட்டங்களை அடுக்கி, குறுக்கே கம்பிகளை ஓட்டி, ஆணி அறைந்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியது போன்ற தோற்றம் உண்டாகும்படி, கருங்கல்லைக் குடைந்து மெலிதாக்கி வளைத்து வைத்திருக்கும் அந்த வேலையிலே மூலப்பொருளுக்கு உரிய பங்கு ஏறக்குறையச் சூன்யம். மதிப்பு முழுவதும் உளி பிடித்த கையினுடையது. முற்காலத்துச் சிற்பிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும்போது, தாரமங்கலத்துத் தூணையும் திருவலஞ்சுழிப் பலகணியையும் ஆவுடையார்கோவில் கொடுங்கையையும் ‘நீங்கலாக’ என்று முன்கூட்டியே விலக்கி எழுதிவிடுவார்கள் என்று ஒரு செவிவழிச் செய்தி நம் பக்கத்தில் வெகு காலமாக வழங்கி வருகிறது. அது சரித்திரமோ கதையோ, அதில் அடங்கியிருக்கும் அபிப்பிராயம் உறுதியானது: பொருளை விலை பேசலாம், இந்த வேலையை விலை பேச முடியாது.

ஆனால் இதே ஊர்க்காரர்கள் ஒரு வெள்ளிப் பாத்திரத்தையோ பழைய நகையையோ கையில் எடுத்தவுடன் முதலில் கேட்பது எடையைத்தான். அடகுக் கடையிலும் நகைக் கடையிலும் கல்லின் எடை கழிக்கப்படுகிறது, அரக்கின் எடை கழிக்கப்படுகிறது, வண்ணப் பூச்சின் எடையும் கழிக்கப்படுகிறது. வாங்கும்போது நாம் மனம் நோகக் கொடுத்த சேதாரமும் செய்கூலியும் விற்கும்போது ஒரு காசுக்கும் திரும்பி வருவதில்லை. கல்லிலே செய்கூலியைக் கைகூப்பி வணங்குகிற ஒரு சமூகம் உலோகத்திலே அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவது ஏன் என்ற வினாவே இக்கட்டுரைக்கு ஆதாரம். அதை ஆராய்வதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் ருஷ்ய நாட்டிலிருந்து வருவது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்நாட்டுத் தலைநகரில் செய்யப்பட்ட எனாமல் மேசைக் கடிகாரங்களைப் போல, பொருளின் விலைக்கும் வேலையின் விலைக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வேறொரு வஸ்து எனக்குத் தென்படவில்லை.

முதலில் அந்தக் கடிகாரம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எழுதும் மேசையின் மீது, மைக்கூட்டுக்கும் குடும்பப் படச் சட்டத்துக்கும் இடையே, ஒரு கையால் எடுத்து நகர்த்தி வைக்கத்தக்க அளவினது. சதுரமாகவோ வட்டமாகவோ முக்கோணமாகவோ நட்சத்திர வடிவாகவோ அமைந்தது. முன்புறம் முழுவதும் ரோஜா நிறமோ வெளிர்நீலமோ இளம்பச்சையோ ஊதாவோ ஒளி ஊடுருவும் எனாமலால் மூடப்பட்டது. நடுவே வெள்ளை எனாமல் முகமும், முகத்தைச் சுற்றிக் கடுகளவு முத்துக்களை வரிசையாகப் பதித்த வளையமும், ஓரத்தில் பொன்முலாம் பூசிய வெள்ளி இலைமாலையும் இருக்கும். பின்புறத்தை யானைத் தந்தத் தகடோ மரப்பலகையோ மூடியிருக்க, சாய்ந்து நிற்பதற்கு ஒரு வெள்ளிக் கால் மடங்கி விரியும். உள்ளே ஓடும் யந்திரமோ பெரும்பாலும் ஹென்ரி மோசர் என்ற கம்பெனியிடமிருந்து வாங்கிப் பொருத்தியது. ஆக, கடிகாரம் என்று நாம் பெயரிட்டு அழைக்கிற இந்தப் பொருளில் காலத்தைக் காட்டுகிற பாகமே வெளியாரிடம் வாங்கியதாகவும், அதைச் சூழ்ந்திருக்கிற அலங்காரமே செய்தவர்களுடைய சொந்த வித்தையாகவும் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இவ்வகைக் கடிகாரங்களுக்குப் பெயர் பெற்ற நிறுவனம் ஃபபெர்ஷே. குஸ்தாவ் ஃபபெர்ஷே 1842ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் தொடங்கிய சாதாரண நகைக் கடையை, 1846இல் பிறந்த அவர் மகன் கார்ல் 1872இல் ஏற்றுக்கொண்டார். 1885இல் சக்கரவர்த்தியின் அரண்மனைக்குப் பொருள் வழங்குவோர் என்ற கௌரவம் கிடைத்தது. அதே ஆண்டில் ஈஸ்டர் முட்டை வரிசையும் தொடங்கியது. உலகம் அந்த முட்டைகளையே அறியும். ஆனால் அரண்மனைக்கு என்று செய்யப்பட்ட முட்டைகள் மொத்தம் 50 மட்டுமே. நிறுவனத்தை நாள்தோறும் நடத்தியவை சிகரெட் பெட்டிகள், படச் சட்டங்கள், மணிப் பொத்தான்கள், மேசைக் கடிகாரங்கள் முதலியவைதாம். மாஸ்கோவிலும் ஒடெஸாவிலும் கீவிலும் கிளைகள் ஏற்பட்டன. 1903இல் லண்டனிலும் ஒரு கிளை அமைந்தது. டென்மார்க்கு அரசகுமாரிகளான சகோதரியர் இருவரில் ஒருத்தி ருஷ்யச் சக்கரவர்த்தினியாகவும் மற்றொருத்தி இங்கிலாந்தின் அரசியாகவும் ஆனதால், அவர்களிடையே போய்வந்த பரிசுகளின் வழியே இந்த மேசைச் சாமான்கள் ஐரோப்பிய அரச குடும்பங்களின் வீடுகளிலெல்லாம் நுழைந்துவிட்டன.

இனி, வேலையின் நுட்பம். எனாமல் என்பது கண்ணாடியே தவிர வேறல்ல. மணற்சத்தையும் சாம்பலுப்பையும் ஈயத்தையும் உருக்கி, நிறத்துக்காக உலோக பஸ்மங்களைச் சேர்த்து, ஆறிய பின் இடித்துப் பொடியாக்கிக் கழுவி எடுத்தால் கிடைப்பது அது. கோபால்ட் நீலம் தரும். தாமிரமும் குரோமியமும் பச்சை தரும். ரோஜா நிறத்துக்குப் பொன்னே வேண்டியிருக்கிறது. வெள்ளீயம் சேர்ந்தால் ஒளி ஊடுருவாத வெண்மை கிடைக்கும். இந்தப் பொடியை நீரில் குழைத்து உலோகத்தின் மேல் பரப்பி உலையிலிட்டால், ஏறக்குறைய 700 முதல் 800 டிகிரி வெப்பத்தில் உருகிப் பற்றிக்கொள்ளும். இவ்வளவோடு நின்றிருந்தால் இது எல்லா நாடுகளிலும் உள்ள வித்தைதான். ருஷ்யக் கடிகாரங்களின் விசேஷம் எனாமலுக்கு அடியில் இருக்கிறது. வெள்ளித் தகட்டை முதலில் கடைசல் யந்திரத்தில் பொருத்தி, சூரிய கிரணங்களைப் போலவும் நீரலைகளைப் போலவும் பட்டின் மடிப்பைப் போலவும் நுண்ணிய கோடுகளை வெட்டுவார்கள். இதற்குக் கில்லோஷே என்று பெயர். அதன் மேல் நிறமுள்ள கண்ணாடி படிந்ததும், வெளிச்சம் உள்ளே புகுந்து கோடுகளில் பட்டுச் சிதறித் திரும்பி வருகிறது. கடிகாரத்தைச் சற்றே திருப்பினால் நிறம் அசைவது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அச்சிலே வரும் படத்தில் இந்த அசைவு ஒருபோதும் அகப்படுவதில்லை. ஆகையால்தான், படத்தை மட்டும் பார்த்தவர்கள் ‘வெறும் வண்ணத் தகடு’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒரே பூச்சில் இந்த ஆழம் வாராது. ஐந்தாறு படலங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சுட வேண்டும். அதிக வெப்பம் தாங்குவது முதலிலும் குறைந்த வெப்பத்தில் உருகுவது இறுதியிலும் வருமாறு வரிசைப்படுத்த வேண்டும். இடையே பொன் இழைத் துணுக்குகளை வைப்பதும் உண்டு. செடி கிளைகள் போன்ற ஓவியத்தைக் கபில நிறத்தில் தீட்டி அதன் மேல் கடைசிப் படலத்தைப் பூசி, ஓவியம் கண்ணாடிக்குள் மிதப்பது போலச் செய்வதும் உண்டு. உலோகமும் கண்ணாடியும் சூட்டில் விரிவதும் குளிர்ச்சியில் சுருங்குவதும் ஒரே அளவில் நிகழாவிட்டால் பரப்பு வெடித்துவிடும். அதற்காகவே தகட்டின் பின்பக்கத்திலும் எனாமல் பூசிச் சமன் செய்வார்கள். வளைந்த பரப்பிலோ உருகிய கண்ணாடி தாழ்ந்த இடத்துக்கு ஓடப் பார்க்கும். ஐந்தாம் சூட்டில் ஒரு தூசி விழுந்து குமிழ் எழுந்தால் முதல் நான்கு சூட்டின் உழைப்பும் பாழ். எல்லாம் முடிந்த பிறகு மரச் சக்கரத்தில் மணிக்கணக்காகத் தேய்த்து, மெல்லிய தோலால் துடைத்து, பட்டுப் போன்ற அந்த வழவழப்பை வருவிப்பார்கள். ஃபபெர்ஷே நிறுவனத்தார் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட வண்ண வகைகளை மாதிரித் தகடுகளாகச் செய்து, வாடிக்கைக்காரர் தேர்ந்தெடுக்க வைத்திருந்தார்கள் என்பதிலிருந்து அவர்கள் இத்துறையில் காட்டிய சிரத்தையை ஊகிக்கலாம்.

இத்தனை வேலையும் யாருடையது? கார்ல் ஃபபெர்ஷே பட்டறையில் உட்கார்ந்து இக்கடிகாரங்களைச் செய்தவரல்லர். தொழில் தலைவர்கள் பலர் தத்தம் பட்டறைகளை நடத்தினார்கள். அவர்களில் முதன்மை வகித்தவர், குடியானவர் குடும்பத்தில் பிறந்து வந்த மிக்கேல் பெர்கின். 1903இல் அவர் இறந்த பின் அந்த இடத்துக்கு வந்தவர் பின்லாந்துக்காரரான ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம். இவர்களுடைய பெயரின் முதலெழுத்து முத்திரைகள் கடிகாரத்தின் வெள்ளிச் சட்டத்தில் குத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் எனாமலைச் சுட்டவர்களான பெத்ரோவ் குடும்பத்தாரின் முத்திரையோ பொயித்ஸோவின் முத்திரையோ எந்தக் கடிகாரத்திலும் இராது. கண்ணாடியில் முத்திரை குத்த முடியாது, உலோகக்காரனுக்கே பெயர் உரியது என்பது அக்கால ஏற்பாடு. நம் கொடுங்கையைச் செதுக்கியவர் பெயரைக் கேட்டு ஏமாந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

மாஸ்கோ நகரத்து எனாமல் வேறொரு மரபு. ஓவ்சின்னிகோவ், க்ளெப்னிகோவ், ரூக்கெர்ட் முதலியோரின் பட்டறைகளில் வெள்ளிக் கம்பியை முறுக்கிப் பாத்தி கட்டி, ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு நிறத்தை நிரப்பி, பழைய ருஷ்யப் பூவேலையைக் கிண்ணங்களிலும் பேழைகளிலும் செய்தார்கள். ரோஸ்தோவ் நகரில் எனாமலின் மீது நுண்ணோவியம் எழுதும் கலை 18ஆம் நூற்றாண்டு முதல் நடந்து வந்தது. இவை ருஷ்ய மண்ணின் வாசனை மிகுந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் மேசைக் கடிகாரம் என்ற வகையில் தலைநகரத்தாரே முந்தினார்கள், அவர்கள் பின்பற்றியதோ 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு முறையை.

இது கலையா, அல்லது செல்வர் வீட்டு விளையாட்டுச் சாமானா என்ற விவாதம் பழையது. ஏழைகள் ரொட்டிக்கு வழியின்றி நின்ற ஒரு தேசத்தில் முத்து வளையமிட்ட கடிகாரங்களைச் செய்து கொண்டிருந்தார்களே என்று கோபிக்கிறவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை அளவுகோலாகக் கொண்டால் உலகத்து அரண்மனைக் கலை அனைத்தையும், கோயிற் கலையில் ஒரு பகுதியையும் தள்ளிவிட நேரும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தைத் திருப்பெருந்துறையிலே கோயிலுக்குச் செலவிட்டுவிட்ட அமைச்சர்பெருமானின் கணக்கை எந்தத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வார்? நான் இந்த விவாதத்தில் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. 1914இல் ருஷ்யப் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியில் கார்ல் ஃபபெர்ஷே, வைரமும் முத்தும் நிரம்பியிருப்பதால் மட்டும் விலை ஏறிய பொருளில் தமக்குச் சிரத்தை இல்லை என்ற கருத்தைச் சொல்லி, அப்படிப்பட்ட பொருள்களை விற்கும் பிற நாட்டுப் பெரிய நகைக் கடைக்காரர்களை வியாபாரிகள் என்று ஒதுக்கினார். வியாபாரியான அவர் வாயிலிருந்து வந்த இந்தச் சொல்லில் சிறிது விளம்பரமும் கலந்திருக்கலாம். இருந்தாலும் அவருடைய கடிகாரங்கள் அதை மெய்ப்பிக்கின்றன. அவற்றில் உள்ள வெள்ளியையும் கடுகு முத்தையும் பிரித்தெடுத்து விற்றால் கிடைப்பது அற்பத் தொகைதான்.

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நிறுவனம் அரசுடைமையாயிற்று; ஃபபெர்ஷே 1920இல் லோசான் நகரில் அகதியாக இறந்தார். புதிய அரசு அந்நியச் செலாவணிக்காக அரண்மனைச் சொத்துக்களை விற்கலாயிற்று. லண்டன் வார்ட்ஸ்கி நிறுவனத்தாரும், அமெரிக்கப் பெருங்கடைகளில் அடுக்கி விற்ற ஆர்மண்ட் ஹாம்மரும் அவற்றை மேற்கே கொண்டு சேர்த்தார்கள். அந்நாளில் அவற்றைக் கேவலமான ரசனையின் மிச்சங்கள் என்று எள்ளியவர் பலர். 1953இல் கென்னத் ஸ்னோமன் எழுதிய நூல் வந்த பிறகே ஆராய்ச்சிக்குரிய பொருள் என்ற அந்தஸ்து அவற்றுக்கு உறுதிப்பட்டது. அதன்பின் விலை ஏறிய வேகம் வியப்புக்குரியது. 1902இல் ரோஸ்சைல்டு குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட, ரோஜா நிற எனாமல் முட்டை வடிவான, மணிதோறும் சேவல் எழுந்து சிறகடிக்கும் மேசைக் கடிகாரம் 2007 நவம்பரில் லண்டன் ஏலத்தில் ஏறக்குறைய 90 லட்சம் பவுனுக்குப் போயிற்று. இப்போது அது ஹெர்மிட்டாஜ் காட்சிசாலையில் இருக்கிறது.

ஆனால் நமது வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று மற்றொரு கடிகாரம். 1887 ஈஸ்டருக்குச் சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்ஸாண்டர் தம் மனைவிக்குக் கொடுத்த பொன் முட்டை, உள்ளே வாஷெரோன் கான்ஸ்டன்டின் செய்த கடிகாரப் பொறியோடு கூடியது, புரட்சிக்குப் பின் காணாமற் போயிற்று. 1964இல் நியூயார்க் ஏலத்தில் அது இன்னதென்று தெரியாமல் 2,450 டாலருக்கு விற்கப்பட்டது. பிறகு அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள ஒரு பழம்பொன் வியாபாரி அதைச் சந்தையில் சுமார் 14,000 டாலருக்கு வாங்கினார். வாங்கியது உருக்குவதற்காக! உருக்கினால் சில நூறு டாலர் லாபம் வரும் என்பது அவர் கணக்கு. ஆனால் அவர் கொடுத்த விலையே பொன்னின் எடைக்கு அதிகம் என்று உருக்குகிறவர்கள் மறுத்துவிட்டார்கள். லாபம் இல்லாத காரணத்தால் மட்டும் தப்பிப் பிழைத்த அந்தப் பொருள் சக்கரவர்த்தியின் முட்டை என்று 2014இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் மதிப்போ பல கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. எடைக்கணக்கு என்ற ஒரே கண்ணால் பார்க்கிறவனுக்கு எது தெரியாமற் போகிறது என்பதை இந்த ஒரு வரலாறே போதிய அளவு விளக்கிவிடுகிறது.

நம் தேசத்துக்கு வருவோம். எனாமல் இந்தியாவுக்கு அந்நியமான கலை அல்ல. ஜெய்ப்பூரின் மீனாக்காரி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராஜா மான்சிங் லாகூரிலிருந்து வரவழைத்த தொழிலாளரால் வளர்ந்தது என்பது மரபு வழிச் செய்தி. அதன் சிவப்பும் பச்சையும் ஐரோப்பியரையே வியக்க வைத்தன. 1886இல் ஜேக்கப், ஹெண்ட்லி என்ற இருவர் ஜெய்ப்பூர் எனாமலைப் பற்றி ஒரு தனி நூல் வெளியிட்டார்கள். காசியில் ரோஜா நிற மீனாவும் பிரதாப்கட்டில் பொன்னிழைக் கண்ணாடி வேலையும் இன்றும் நடக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் இக்கலை வேரூன்றவில்லை. இங்கே பொன்னுக்கு நிறம் கொடுக்க வேண்டியிருந்தபோது கெம்புக்கல் பதித்தார்கள். கல்லைப் பிடுங்கி வேறு நகையில் பதித்துக்கொள்ளலாம் என்ற வசதி அதில் உண்டு, சுட்ட கண்ணாடியில் அது இல்லை. காரணம் இதுவே என்று நான் அறுதியிடவில்லை. ஆனால் நமது கணக்குப் புத்தியோடு அது நன்றாக ஒத்துப்போகிறது.

ருஷ்யக் கடிகாரங்கள் நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்ததற்கு எனக்குத் தெரிந்த சான்று ஏதும் இல்லை. நேர்மாறாக, நம் கடல் அந்தப் பட்டறைக்குப் போனதற்குச் சான்று உண்டு. பின்னாளில் இரண்டாம் நிக்கோலஸ் ஆன இளவரசர் 1890-91இல் இந்தியா, இலங்கை, சயாம், ஜப்பான் என்று கீழ்த்திசை யாத்திரை செய்தார். அவர் வந்த ‘பாமியத் அசோவா’ என்ற போர்க்கப்பலின் சிறு பொன்னுருவத்தை உள்ளே வைத்து 1891ஆம் ஆண்டு ஈஸ்டர் முட்டை செய்யப்பட்டது. பம்பாயும் கொழும்பும் கண்ட அந்தக் கப்பல் மாஸ்கோ கிரெம்ளினில் உள்ளங்கை அளவில் மிதக்கிறது.

எனாமலின் வேறொரு கிளை மட்டும் நம் வாசலுக்கே வந்து குவிந்தது. ஆவுடையார்கோவிலிலிருந்து அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்குப் போய், முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது மரத் தூணோ தஞ்சாவூர்ப் படமோ அல்ல. நீலமும் பச்சையும் மஞ்சளும் வெண்மையுமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எனாமல் சட்டிகளும் அடுக்குக் கேரியர்களும் தட்டுகளும் கூஜாக்களுமே. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில், ஸ்வீடனிலிருந்தும் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்தும் கப்பலேறிய சாமான்கள் இவை. பலவற்றின் அடியில் ஸ்வீடன் தேசத்துக் கோக்கும்ஸ் தொழிற்சாலையின் முத்திரை இன்றும் தெளிவாக இருக்கிறது. திருமணத்தில் சாமான் பரப்பும்போது வெள்ளி, பித்தளை, செம்பு வரிசைகளோடு எனாமலுக்கும் ஒரு வரிசை உண்டு. அதுவும் ஒன்றிரண்டாக அல்ல, ஒரு வகையிலே அளவு குறைந்து கொண்டே வரும் அடுக்காக.

இவற்றை ருஷ்யக் கடிகாரத்தோடு ஒப்பிடுவது தகுமா என்று கேட்கலாம். தகாது, ஆனால் தொடர்பு உண்டு. இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வடிவம் கொடுத்து, எனாமல் குழம்பில் முக்கி எடுத்து, உலையில் சுட்டு, பூக்கோலத்தைத் தாள் ஒட்டி மாற்றிய யந்திரப் பொருள்கள் இவை. பத்தாயிரம் செய்தால் பத்தாயிரமும் ஒன்றுபோல இருக்கும். ஆயினும் பெரிய சட்டிகளில் ஒரு நிறம் மற்றொரு நிறத்துக்குள் கரைந்து இறங்கும் இடத்தைப் பார்க்கும்போது, வேலை தெரிந்த கை ஒன்று அந்தத் தொழிற்சாலையிலும் இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது. மேலும், அதே வீடுகளின் பட்டகசாலைகளில் தொங்கிய அமெரிக்க, ஜெர்மன், ஜப்பானியச் சுவர்க்கடிகாரங்கள் சிலவற்றின் முகமும் வெள்ளை எனாமலே. காகித முகங்கள் பழுப்பேறிச் சுருங்கிப் போயிருக்க, எனாமல் முகங்கள் மயிரிழை விரிசல்களோடு வெண்மை மாறாமல் இருப்பதைக் கடைகளிலே அடுத்தடுத்துக் காணலாம்.

எவர்சில்வர் வந்தபோது நடந்ததுதான் இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலையான செய்தி. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதிய எவர்சில்வர் எடுக்கும் வியாபாரத்தில் பித்தளைக்கும் செம்புக்கும் எடை உண்டு, எனாமலுக்கு இல்லை. அண்டாக்களும் குத்துவிளக்குகளும் தராசில் ஏறி உருகிப் போக, விலையில்லை என்று ஒதுக்கப்பட்ட எனாமல் சாமான்களில் ஒரு பகுதி குப்பைக்குப் போயிற்று, ஒரு பகுதி பரணில் தங்கிற்று. அப்படித் தங்கியவற்றைத்தான் இன்று பட்டணத்து ஹோட்டல்காரர்களும் வெளிநாட்டவரும் தேடி வந்து வாங்குகிறார்கள். பழம்பொன் வியாபாரியின் உலைக்குப் போகாத முட்டைக்கும் காரைக்குடிப் பரணில் தங்கிய சட்டிக்கும் உயிர் கொடுத்தது ஒன்றே: உருக்கினால் ஒன்றும் தேறாது என்ற தீர்ப்பு.

சேகரிப்பவருக்கு வேண்டிய விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். ருஷ்ய வெள்ளியின் தரம் ஸொலோத்னிக் என்ற அளவையால் குறிக்கப்படும். 84 என்றால் ஆயிரத்தில் 875 பங்கு, 88 என்றால் 916. பொன்னில் 56 என்பது 583. 1899 முதல் தலையணி பூண்ட பெண்ணின் முகம் இடப்புறம் நோக்கியும், 1908 முதல் வலப்புறம் நோக்கியும் முத்திரையில் வரும். ஆனால் முத்திரையை நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார். ஃபபெர்ஷே பெயரும் பெர்கின், விக்ஸ்ட்ரோம் எழுத்துக்களும் குத்திய போலிகள் ஏராளம். போலிக்காரனால் முத்திரையைக் குத்திவிட முடிகிறது. ஆறு சூட்டின் ஆழத்தைக் கொண்டுவர முடிவதில்லை. கோடுகள் தெளிவின்றி மங்குவதும், ஓரங்களில் எனாமல் தடித்து நிற்பதும், வெள்ளிக்காலின் கீல் தளர்ந்திருப்பதும் அவனைக் காட்டிக் கொடுக்கும். சிதைந்த எனாமலை மறுபடி சுடுவது ஆபத்தாகையால் பலர் பிசினால் ஒட்டிச் சரிக்கட்டுகிறார்கள். புறஊதா விளக்கின் கீழ் அந்த ஒட்டு வேறு நிறமாகத் தெரியும். தந்தப் பின்பலகை உள்ள கடிகாரமானால் சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும். தந்தத்தின் பன்னாட்டு வாணிகம் 1990 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. நம் நாட்டுக்குள்ளேயோ 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருளை அரசின் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 1920களில் கப்பலில் வந்த சாமான்கள் ஒவ்வொன்றாக இந்த நூறாண்டு எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன என்பதை வியாபாரிகளும் வீட்டுக்காரர்களும் நினைவில் வைப்பது நல்லது.

பராமரிப்பில் எனாமல் அதிகம் கேட்பதில்லை. வெயிலில் நிறம் மங்காது, கடற்காற்றுக்கு அஞ்சாது. அடிபடுவதும் திடீரென்று சூடேறுவதுமே அதற்குப் பகை. வெள்ளிச் சட்டமுள்ள பொருளைப் புளி போட்டோ விபூதி போட்டோ தேய்க்கும் வழக்கம் மட்டும் கூடாது. பொன்முலாம் இரண்டு தீபாவளிக்கு மேல் தாங்காது. இரும்புச் சட்டியில் எனாமல் பெயர்ந்த இடத்தை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் துரு பரவுவது தடைப்படும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் ருஷ்யக் கடிகாரங்களிடம் நேரடியாகப் பாடம் கேட்டுக்கொள்ளலாம். ஃபபெர்ஷேயின் லண்டன் கிளைக் கணக்கேடுகள் 1907 முதல் 1917 வரையிலானவை அழியாமல் கிடைத்திருக்கின்றன. எந்தத் தேதியில் எந்தப் பொருள் யாருக்கு என்ன விலைக்குப் போயிற்று என்பது அவற்றில் இருக்கிறது. அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் கடிகாரத்தின் மெய்மையைப் பற்றிய தர்க்கம் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. கணக்கெழுதுவதில் உலகில் எவருக்கும் இளைக்காத சமூகம் நம் பக்கத்திலே இருக்கிறது. பித்தளையிலும் வெள்ளியிலும் வீட்டுப் பெயரின் எழுத்துக்களைக் குத்தி வைத்தார்கள். எனாமலில் குத்தினால் பெயர்ந்துவிடும் என்பதால் அது பெயரில்லாமல் இருக்கிறது. ஆனால் சீர்ப் பட்டியல்கள் பல வீடுகளின் பெட்டகங்களில் இன்னும் இருக்கின்றன. வீட்டை இடிக்கும்போது சாமான் ஒரு கடைக்கும் பட்டியல் வேறொரு பழைய காகிதக் கடைக்கும் போவதால், சட்டி அநாதையாகி விடுகிறது. எந்த ஊர், எந்தக் கல்யாணம், எந்தக் கப்பல் என்று சொல்ல ஆளில்லாமல் அது வெறும் அலங்காரப் பொருளாய் மீதியாகிறது.

புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910 முதல் இயங்கி வருகிறது. இந்த வட்டாரத்து எனாமல் சாமான்களுக்கும் எனாமல் முகக் கடிகாரங்களுக்கும் அங்கே ஒரு தனி அலமாரி ஒதுக்கி, உரிய பட்டியலோடு வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், காரைக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இது: பரணிலிருந்து எனாமல் சாமானோ பழைய கடிகாரமோ இறங்குமானால், தராசுக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அதைக் கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைப் பாருங்கள்; வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் அது வந்த வழியைக் கேட்டு, ஆண்டு, ஊர், கொண்டுவந்தவர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை அந்தப் பொருளுக்குள்ளேயே போட்டு வையுங்கள்.